ஜீவன் தொண்டமான்: பேருக்கு விழுந்த ஓட்டா, வேலைக்கு விழுந்த ஓட்டா?

மேமலை எழுதியது:

இலங்கை மலையகத்துல தேயிலை தோட்டத்து சனத்துக்கு தொண்டமான்னு ஒரு பேரு இருந்தா போதும், யார நிறுத்தினாலும் கண்ண மூடிக்கிட்டு போடும்னு ஃபேஸ்புக்ல நம்ம பிள்ளைங்களே எழுதுறாங்க, அதுவும் லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, பொறந்து கேம்பஸ் வரைக்கும் போன பிள்ளைங்க. எனக்கு இது சரியா படல, அதான் இந்த இழை. ரெண்டே ரெண்டு கணக்க பாருங்க. 2020 ஆகஸ்ட் பொதுத்தேர்தல்ல நுவரெலியா மாவட்டத்துல ஜீவன் தொண்டமானுக்கு விழுந்த விருப்பு வாக்கு 109,155, மாவட்டத்துலயே முதல் இடம். 2024 நவம்பர்ல அதே ஆளு, அதே மாவட்டம், விழுந்தது 46,438. பேரு மட்டும்தான் காரணம்னா பேரு மாறவே இல்லையே, மிச்ச ஓட்டெல்லாம் எங்க போச்சு?

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். 1994 ஆகஸ்ட்ல அப்பா ஆறுமுகன் தொண்டமான் முதல் தடவையா பாராளுமன்றம் போனார், அதே வருஷம் அக்டோபர்ல ஜீவன் பொறந்தார். இலங்கை தொழிலாளர் காங்கிரஸ (இ.தொ.கா) கட்டி வளத்த சௌமியமூர்த்தி தொண்டமான் ஐயாவுக்கு கொள்ளுப்பேரன். சட்டம் படிச்சவர், இ.தொ.கா இளைஞர் அணிக்கு பொதுச் செயலாளரா இருந்தார், ஆனா 2020ல அவர் வேட்பாளரே இல்ல. வேட்பாளர் அப்பாதான். மார்ச்ல வேட்புமனு போட்டாச்சு, கொரோனாவால தேர்தல் தள்ளி போச்சு, மே 26ஆம் தேதி ஆறுமுகன் மாரடைப்புல போயிட்டார், வயசு 55தான். வேட்பாளர் இறந்தா கட்சி அந்த இடத்துக்கு வேற ஆள போடலாம்ங்குறது சட்டம், அப்படித்தான் 25 வயசு ஜீவன் உள்ள வந்தார். நோர்வூட் மைதானத்துல அப்பா சிதைக்கு தீ வச்ச கொஞ்ச நாள்லயே ஓட்டு கேக்க கிளம்ப வேண்டிய நிலம.

அதுக்கப்புறம் எல்லாமே வேகம். ஆகஸ்ட் 2020லயே இராஜாங்க அமைச்சர், தோட்ட வீடமைப்பு பொறுப்பு. 2022 ஏப்ரல்ல நாடே தெருவுல நின்னப்ப விலகினார். 2023 ஜனவரில ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அமைச்சரவைல நீர் வழங்கல், தோட்ட உட்கட்டமைப்பு அமைச்சர், அப்ப வயசு 28, அந்த அமைச்சரவைல அவர்தான் எல்லாரையும் விட இளையவர். 2024ல ரணில் தோத்தார், இவர் ஜெயிச்சார், ஆனா மேல சொன்ன அந்த 46,438 ஓட்டோட.

என் கருத்து இதுதான். பேரு கதவ தெறந்துச்சு, அத மறுக்கல. ஆனா அந்த லட்சத்து சொச்சம் ஓட்டும் பேருக்கு விழுந்தது இல்ல, அதுல சங்கத்தோட உழைப்பு இருக்கு, சாவு வீட்டு துக்கம் இருக்கு, ஒரு சின்ன பையனுக்கு ஒரு தடவ குடுத்து பாப்போம்ங்குற மனசும் இருக்கு. நாலு வருஷம் கழிச்சு அதே சனம் கணக்கு பாத்து கூலிய குறச்சிருச்சு. இவங்கள மந்தைன்னு சொல்றவங்க இத என்ன சொல்வாங்க?

வைகைக்கரை எழுதியது:

நான் மதுரை பக்கம். எங்களுக்கு தொண்டமான்னா சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கத்துல இருந்து சிலோன் போய் மந்திரி ஆனவர்னு மட்டும்தான் தெரியும். கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க, எங்க ஊர்லயும் வாரிசு அரசியல் எல்லா கட்சிலயும் இருக்கு, தாத்தா அப்பா பேரன்னு வரிசையா வர்றாங்க, அதுல இருந்து இது எப்படி வேறயாகுது? கட்சி ஒரு குடும்பத்து கையில இருக்கு, அவங்க கை காட்டுற ஆளு நிக்கிறாரு, அவ்வளவுதானே?

இன்னொரு சந்தேகம், விருப்பு வாக்குன்னா என்ன? எங்ககிட்ட ஒரு தொகுதிக்கு ஒரு ஆளு, ஒரு பட்டன், முடிஞ்சது.

பழைய பெரட்டு எழுதியது:

தம்பி வைகைக்கரை, நல்ல கேள்வி. நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல வேல செஞ்சு பென்ஷன் இல்லாம வீட்ல இருக்குறவன், எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

உங்க ஊர்ல கட்சி வேற, தொழிற்சங்கம் வேற. எங்களுக்கு முதல்ல சங்கம், அப்புறந்தான் கட்சி. மாசா மாசம் சம்பளத்துல இருந்து சங்க சந்தா வெட்டுவாங்க, தோட்ட ஆபிஸ்லயே வெட்டி சங்கத்துக்கு அனுப்பிருவாங்க. ஒவ்வொரு தோட்டத்துலயும் ஒவ்வொரு டிவிஷன்லயும் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருப்பார். வேல இல்லன்னு நிறுத்தினாலும் அவர்கிட்டதான் போகணும், துரைகிட்ட, அதான் தோட்ட மேனேஜர்கிட்ட, பேசணும்னாலும் அவர்தான், சாவு விழுந்தா பெட்டி வாங்க ஏற்பாடு பண்றதும் அவர்தான், பிள்ளைக்கு பொறப்பு சர்ட்டிபிகேட்ல பேரு தப்பா விழுந்தா அதுக்கும் அவர்தான். அந்த தலைவர் வந்து இந்த நம்பருக்கு போடுங்கன்னா அது மேடைல பேசுற பேச்சு மாதிரி இல்ல, நாளைக்கும் அதே ஆள்கிட்டதான் நாம போய் நிக்கணும்.

விருப்பு வாக்கு என்னன்னா, நுவரெலியா மாவட்டம் முழுசும் ஒரே தொகுதி மாதிரி, எட்டு இடம். முதல்ல கட்சி சின்னத்துக்கு நேரா புள்ளடி, அதான் X குறி, போடணும், அப்புறம் கீழ கட்டத்துல வேட்பாளர் நம்பர்ல மூணு பேருக்கு வரைக்கும் புள்ளடி போடலாம். கட்சிக்கு எத்தன இடம்னு கட்சி ஓட்ட வச்சு முடிவாகும், அந்த இடம் யாருக்குன்னு விருப்பு வாக்க வச்சு முடிவாகும். அதனால சொந்த கட்சி ஆளோடயே போட்டி. இ.தொ.காவுக்கு சொந்த சின்னம் சேவல், ஆனா 2020ல ராஜபக்ஷ கட்சியோட மொட்டுல நின்னாங்க, 2024ல ரணில் கட்சியோட யானைல. பெருசுங்களுக்கு சின்னம் மாறினா பெரிய கொழப்பம். காலைல வேலைக்கு பேரு குடுக்குற பெரட்டு களத்துக்கு பக்கத்துல மாதிரி வாக்குச்சீட்ட சுவத்துல ஒட்டி வச்சு, கொழுந்து எடுக்க போற பொம்பளைங்கள நிறுத்தி விரல புடிச்சு இந்த கட்டம், இந்த நம்பர்னு தலைவர்மார் காட்டி குடுத்தாங்க. கண்ணு தெரியாத கெழவிங்க கீழ இருந்து எத்தனாவது வரிசைன்னு எண்ணி மனப்பாடம் பண்ணிக்கிட்டு போச்சுங்க. 109,155ங்குறது அந்த உழைப்பு. அத பேரோட கணக்குல மட்டும் எழுதாதீங்க.

அப்புறம் பெரிய ஐயா சௌமியமூர்த்தி தொண்டமான பத்தி ஒரு வார்த்த. 1947ல நுவரெலியால ஜெயிச்சு பாராளுமன்றம் போனவர். மறு வருஷமே பிரஜாவுரிமை சட்டம் வந்து எங்க சனத்துக்கு நாடு இல்லாம போச்சு, ஓட்டும் போச்சு. ஓட்டு இல்லாத சனத்துக்கு முப்பது வருஷம் தலைவரா இருந்து, நியமன உறுப்பினரா ரெண்டு தடவ உள்ள போயி, 1977ல நுவரெலியா மஸ்கெலியா தொகுதில மூணாவது உறுப்பினரா மறுபடி ஜெயிச்சார். மத்த ரெண்டு பேரு யாருன்னா காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க. 1978ல ஜே.ஆர் ஜயவர்தன அரசாங்கத்துல மந்திரி. எங்க வீட்டுக்கெல்லாம் ஓட்டு வந்ததே 1988 சட்டத்துக்கு பிறகுதான். குடியுரிமைக்கு சத்திய கடுதாசி எழுதி குடுத்த அந்த காலத்த பாத்தவங்க இன்னும் உயிரோட இருக்காங்க, அவங்களுக்கு தொண்டமான்ங்குறது வெறும் குடும்ப பேரு இல்ல தம்பி.

யாழ்நிலா எழுதியது:

பழைய பெரட்டு ஐயா சொன்னதில மரியாத இருக்கு, ஆனா ஒண்டு கேக்க வேணும். பெரியவர் செய்த வேலைக்கு எத்தினை தலைமுறைக்கு கூலி குடுக்கிறது? அவர் 1999ல செத்திட்டார். அதுக்குப் பிறகு இருபது வருசத்துக்கு மேல ஆறுமுகன். எந்த அரசாங்கம் வந்தாலும் அமைச்சர் பதவி, சந்திரிகா, மகிந்த, கடைசியா கோட்டாபய. மகன் வந்தார், அவரும் கோட்டாபய அரசாங்கத்தில இராஜாங்க அமைச்சர், பிறகு ரணில். வடக்கில இருந்து பாக்கிற எங்களுக்கு அது விளங்கவே இல்லை. 2020ல அந்த அரசாங்கத்துக்குள்ள போய் நிக்கிறதுக்கு ஒரு இளம் சட்டத்தரணிக்கு மனச்சாட்சி குத்தேல்லையோ?

இன்னொண்டு, அந்தக் குடும்பம் தொழிலாளி குடும்பம் எண்டு கனபேர் நினைக்கினம். பெரியவரின்ர தகப்பன் கருப்பையா கங்காணியா இருந்து றம்பொடையில வேவண்டன் தோட்டத்தையே வாங்கினவர். தோட்ட முதலாளியின்ர மகன் தொழிலாளர் தலைவர் ஆனதில இருந்துதான் இந்தக் கதை தொடங்குது.

மேமலை எழுதியது:

யாழ்நிலா, வேவண்டன் விஷயம் உண்மை, அத யாரும் மறைக்கல. ஆனா தோட்ட முதலாளி மகன்ங்குற காரணத்தாலதான் அந்த காலத்துல வெள்ளக்கார துரைக்கு முன்னாடி செருப்ப கழட்டாம உக்காந்து பேச முடிஞ்சுது. சொத்து இருந்த ஆளு சொத்து இல்லாத சனத்துக்காக நின்னார்னா அத கொறையா பாக்க எனக்கு மனசு வரல.

ஆளுங்கட்சியோட நிக்கிறது பத்தி. இது 1978ல இருந்து வர்ற வழி. காரணம் ரொம்ப எளிமையானது. வடக்குல நிலம் உங்க பேர்ல இருக்கு, பள்ளிக்கூடம் உங்களுது, ஊர் உங்களுது. எங்களுக்கு குடியிருக்குற காம்பராவே கம்பெனிக்கு சொந்தம். கூரை தகரம் மாத்த கூட துரை அனுமதி வேணும். எதிர்க்கட்சில உக்காந்தா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தகரம் வராது. அப்படி பேரம் பேசித்தான் 1988 சட்டம் வந்துச்சு, 2003 சட்டத்தோட நாடற்றவங்கங்குற கணக்கு முடிஞ்சுது. அதுக்காக எப்பவும் சரின்னு சொல்லல. 2020க்கு பிறகு அந்த பேரத்துக்கு வெல போயிருச்சு, காசே இல்லாத அரசாங்கத்துகிட்ட பேரம் பேசி என்ன வாங்குறது? ஜீவன் இராஜாங்க அமைச்சரா இருந்த அந்த ஒன்றரை வருஷம் கட்டி முடிச்ச வீட விட அடிக்கல் வச்ச போட்டோதான் எங்க பக்கம் அதிகமா பாத்தோம். அதையும் சேத்துதான் 2024ல சனம் கணக்கு பாத்துச்சு.

சட்டப்புத்தகம் எழுதியது:

வீட்ட விடுங்க, சம்பளத்துக்கு வாங்க. ஓட்டு கொறஞ்சதுக்கு அதுதான் பெரிய காரணம்னு நான் நம்புறேன், அதுவும் அறிவிப்புக்கும் கைக்கு வந்த காசுக்கும் நடுவுல இருந்த தூரம்.

முன்ன நாட்சம்பளம் கூட்டு ஒப்பந்தத்துல முடிவாகும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் உக்காந்து பேசும். 2019ல அடிப்படை 700 ஆச்சு. அப்புறம் ஆயிரம் ரூபா கோரிக்க. ஆறுமுகன் சாகுறதுக்கு முன்னாடி கடைசியா ஓடினதே இந்த ஆயிரத்துக்குத்தான். ஜீவன் காலத்துல, 2021 மார்ச்ல, சம்பள நிர்ணய சபை மூலமா வர்த்தமானி, அதான் அரசாங்க கெசட், வந்துச்சு, 900 அடிப்படை, 100 படி, ஆக ஆயிரம். எல்லாரும் பட்டாசு வெடிச்சாங்க. ஆனா அதோட கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்த விட்டு வெளிய போயிருச்சு. அந்த ஒப்பந்தத்துல சம்பளம் மட்டும் இல்ல, ஒரு நாளைக்கு எத்தன கிலோ, எத்தன நாள் வேல, மருத்துவ வசதி, சங்கத்தோட பேசுற முற, எல்லாம் இருந்துச்சு. அது போனதும் பல தோட்டத்துல கிலோ கணக்க ஏத்திட்டாங்க. நாள் கூலி கூடிச்சு, ஆனா அந்த நாள் பேர வாங்குறது கஷ்டமாச்சு.

2024ல ஏப்ரல் கடைசில 1,700 ரூபான்னு வர்த்தமானி, 1,350 அடிப்படை, 350 விசேட படி. மே தின மேடைல அறிவிச்சாங்க, கொட்டகலைல பெரிய கூட்டம். ஜூலைல உயர் நீதிமன்றம் (இந்தியால உச்ச நீதிமன்றம்னு சொல்றது மாதிரி) இடைக்கால தடை போட்டுருச்சு. செப்டம்பர்ல, ஜனாதிபதி தேர்தலுக்கு கொஞ்ச நாள் முன்ன, 1,350 மட்டும் உறுதியாச்சு. கடைசில பழைய ஆயிரத்துக்கு மேல 350 கூடிச்சு, அது சின்ன விஷயம் இல்ல. ஆனா 1,700ன்னு கேட்ட காதுல 1,350 விழுந்தா அது வெட்டு மாதிரிதான் தெரியும். இவர் சட்டம் படிச்சவர். கம்பெனிகள் நீதிமன்றம் போகும்னு 2021லயே பாத்தாச்சு, அப்ப 2024ல அத எதிர்பார்த்து முன்னாடியே வழி பண்ணியிருக்கணும்ங்குறது என்னோட குற்றச்சாட்டு. இப்ப தேசிய மக்கள் சக்தி அரசாங்கம் 2026 வரவு செலவு திட்டத்துல 1,750ன்னு வச்சுது, அடிப்படை 1,550, அதுக்கு மேல வருகைக்கு 200 அரசாங்கம் குடுக்கும்னு. வரி காசுல இருந்து கம்பெனி தொழிலாளிக்கு ஏன் குடுக்கணும்ங்குற கேள்வி வேற, அத இன்னொரு இழைல பேசலாம்.

கொழுந்துக்கூடை எழுதியது:

சட்டப்புத்தகம் அண்ணே எழுதினது எங்க அம்மா வாழ்க்க. அம்மா கொழுந்து எடுக்குறாங்க, நான் கொழும்புல வேல செய்றேன். அந்த நாள் பேருன்னு சொன்னீங்களே, அத கொஞ்சம் விளக்கணும், ஏன்னா இங்க பேசுற முக்காவாசி பேர் ஆம்பளைங்க, கொழுந்து நிறுக்கிற எடத்துல நின்னதே இல்ல.

காலைல வேலைக்கு போனா மட்டும் பேரு விழாது. சொன்ன கிலோ எடுக்கணும். எங்க தோட்டத்துல இருபது கிலோ. மழ காலத்துல கொழுந்து தண்ணி குடிச்சிருக்கும், அதுக்கு கழிவு, சாக்குக்கு கழிவு, முத்தின எலைக்கு கழிவு. இருபத்தி ரெண்டு எடுத்தாதான் இருபது எழுதுவாங்க. பதினேழு எடுத்துட்டு வந்தா அர பேரு, சில எடத்துல கிலோவுக்கு இவ்வளவுன்னு கை காசு. அப்ப ஆயிரமா ஆயிரத்து எழுநூறான்னு மேடைல சொல்றது எங்க அம்மா கைக்கு வர்ற காசு இல்ல. வெயில் காலத்துல மலைல கொழுந்தே இருக்காது, மாசத்துல பாதி நாள்தான் வேல. ஜீவன் ஐயா மேலயும் மத்தவங்க மேலயும் எனக்கு இருக்குற வருத்தம் இதுதான், நாட்சம்பளத்த பத்தி பேசுற அளவுக்கு கிலோ கணக்க பத்தி யாரும் பேச மாட்டேங்குறாங்க.

இன்னொன்னும் சொல்லணும். கொழுந்து எடுக்குறவங்க பெரும்பாலும் பொம்பளைங்க. சந்தா கட்டுறதுலயும் பொம்பளைங்கதான் அதிகம். ஆனா தலைவர் ஆம்பள, மாவட்ட தலைவர் ஆம்பள, எம்.பி ஆம்பள. மலையக மக்கள் முன்னணிய ஆரம்பிச்ச சந்திரசேகரன் ஐயா 2010 ஜனவரி முதல் நாள் இறந்தார், அவர் மக அனுஷா சந்திரசேகரன் 2020ல சுயேச்சையா நின்னாங்க, ஜெயிக்கல. ஜீவன் ஐயாவுக்கு அப்பா போனதும் கட்சி எடம் குடுத்துச்சு, முழு சங்கமும் பின்னால நின்னுச்சு. மகனுக்கும் மகளுக்கும் கெடச்ச வழி ஒன்னா? அரசியல் குடும்பத்துல பொறந்தாலும் பொம்பள பிள்ளைக்கு அந்த கதவு அவ்வளவு லேசா தெறக்கல. கடைசில 2024லதான் நுவரெலியால கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளைல அம்பிகா சாமுவேல்னு ரெண்டு பேரு, எந்த பெரிய குடும்பமும் இல்லாம, தேசிய மக்கள் சக்தில ஜெயிச்சு வந்தாங்க. மலையக தமிழ் பொம்பளைங்க தேர்தல்ல ஜெயிச்சு பாராளுமன்றம் போனது அதுதான் முதல் தடவ. எங்க அம்மா அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல.

பழைய பெரட்டு எழுதியது:

மக சொல்றது சரிதான்ம்மா. கிலோ கணக்கு பேசுறது சங்கத்தோட வேல, சங்கம் அத விட்டுருச்சு. முன்ன கூட்டு ஒப்பந்தம் இருந்தப்ப தலைவர் துரைகிட்ட போயி மழக்காலத்துக்கு கொறைங்கன்னு நின்னு பேசுவார், கொறைப்பாங்க. இப்ப தலைவருக்கு பேச சட்டத்துல புடிமானம் இல்ல. பிள்ளைங்க எல்லாம் கொழும்புக்கு போயிருச்சு, தோட்டத்துல பேரு பதிஞ்ச ஆளு கொறஞ்சிருச்சு, அதனால சந்தாவும் கொறஞ்சு போச்சு. 2024ல ஓட்டு கொறஞ்சதுக்கு இதையும் சேத்துக்கங்க மேமலை. கொழும்புல கடைல நிக்கிற பையன் தேர்தலுக்கு ஊருக்கு வர்றான், அவனுக்கு தலைவர் யாருன்னே தெரியாது, போன்ல பாத்தத வச்சு போடுறான். அவன் ஓட்டுத்தான் தேசிய மக்கள் சக்தியோட திசகாட்டி சின்னத்துக்கு போச்சு. பெருசுங்க ஓட்டு இன்னும் ஜீவன்கிட்டத்தான் இருக்கு.

கோத்தகிரி எழுதியது:

வணக்கம். நான் நீலகிரி. எங்க தாத்தா பாட்டி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து இறங்கினவங்க. 1964 ஒப்பந்தத்துல 5,25,000 பேர இந்தியாவுக்கு, 3,00,000 பேர இலங்கைக்குன்னு எழுதினாங்க, எழுதுறப்ப தொண்டமான் உட்பட அந்த சனத்துல ஒருத்தர்கிட்டயும் கேக்கல. மிச்சம் 1,50,000 பேர பத்து வருஷம் கழிச்சு பாதி பாதியா பிரிச்சாங்க. எங்க குடும்பம் டான்டீல, அதாவது தாயகம் திரும்பினவங்களுக்காகவே தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச தேயிலை தோட்டத்துல, மறுபடி கொழுந்துதான் எடுத்துச்சு. இங்க எங்களுக்குன்னு பேச ஒரு தொண்டமானும் இல்ல, ஒரு சங்கமும் அந்த அளவுக்கு இல்ல. நீலகிரில எங்க ஓட்டு மத்த ஓட்டோட கரைஞ்சு போகும்.

அதனால நீங்க அங்க இவர குறை சொல்றத படிக்கிறப்ப எனக்கு ஒரு பொறாமை வருது, உண்மையாவே சொல்றேன். 109,155 ஆனாலும் 46,438 ஆனாலும் உங்களுக்காக பேசவே பொறந்தவர்னு கை நீட்டி கேக்க ஒரு ஆள் இருக்காரே. 2023 நவம்பர்ல கொழும்புல நாம் 200 விழா நடந்துச்சு, மலையக தமிழர் வந்து இருநூறு வருஷம்னு, நிர்மலா சீதாராமன் போனாங்க, அப்ப எங்க முதலமைச்சரா இருந்த ஸ்டாலின் வாழ்த்து வீடியோ அனுப்பினார், விழாவுல அத போடல, பிறகுதான் வெளிய வந்துச்சு. விழாவ ஜீவன் அமைச்சுதான் நடத்துச்சு. விழா வீடியோவ எங்க லைன்ல இருக்குற பெருசுங்க எல்லாம் போன்ல சுத்தி உக்காந்து பாத்தாங்க. எங்க சொந்தத்தையும் யாரோ ஞாபகம் வச்சிருக்காங்கன்னு ஒரு நிம்மதி.

யாழ்நிலா எழுதியது:

கோத்தகிரி, நீங்கள் எழுதினது மனச தொட்டது. ஆனா விழாவுக்கு எண்டு செலவழிச்ச காசில எத்தின வீடு கட்டியிருக்கலாம் எண்டு அப்ப இஞ்சயும் கனபேர் கேட்டவை. விழா எடுக்கிறது லேசு, காணி எடுத்துக் குடுக்கிறதுதான் கஷ்டம்.

மேமலை எழுதியது:

காணிக்கு வந்துட்டீங்க, நானும் அதுக்குத்தான் வர இருந்தேன், என்ன பொறுத்தவரைக்கும் இந்த ஆள எடை போட வேண்டிய தராசு அதுதான், சம்பளம் கூட ரெண்டாவது.

நியாயமா பாத்தா 2015க்கு பிறகு இன்னொரு மலையக கட்சி தலைவர் திகாம்பரம் அமைச்சரா இருந்தப்பதான் ஏழு பேர்ச் காணி, தனி வீடுங்குற விஷயம் நெசமா நகர ஆரம்பிச்சுது. லயத்துக்கு பக்கத்துல லயம் கட்டுறது, மாடி லயம் கட்டுறதுன்னு ஆறுமுகன் காலத்துல நடந்தத நானே எதிர்த்து எழுதியிருக்கேன். இந்தியா முதல்ல நாலாயிரம் வீடு, அப்புறம் 2017ல மோடி நோர்வூட் வந்தப்ப இன்னும் பத்தாயிரம்னு அறிவிச்சார். அந்த பத்தாயிரத்துக்கு அடிக்கல் வச்சது 2023 நவம்பர்ல, நாம் 200 சமயத்துல. அறிவிச்சு ஆறு வருஷம். நடுவுல மூணு அரசாங்கம். இதுல ஜீவன மட்டும் குத்தம் சொல்றது நியாயம் இல்ல, ஆனா அவர் கட்சியும் அவர் அப்பாவும் அந்த ஆறு வருஷத்துல பாதி அரசாங்கத்துல இருந்தாங்கங்குறதையும் மறக்க முடியாது.

அவருக்கு நான் குடுக்குற பாராட்டு ஒன்னு. மலையக காணி உரிமைய நன்கொடை மாதிரி பேசாம உரிமையா பேசினார். பாராளுமன்றத்துல சிங்கள உறுப்பினர்கள பாத்து இந்த சனம் இருநூறு வருஷமா உங்க நாட்டுக்கு டொலர் கொண்டு வந்த சனம்னு விளக்கி பேசுற எடத்துல அவர் அப்பாவ விட தெளிவு. 2024 வரவு செலவு திட்டத்துல தோட்ட மக்களோட காணி உரிமைக்குன்னு 400 கோடி ரூபா ஒதுக்க வச்சாங்க. அந்த வருஷமே ஆட்சி மாறிச்சு, காணி உறுதி, அதான் பத்திரம், கைக்கு வரல. சனத்துக்கு ஒதுக்குனது தெரியாது, வந்தது தெரியும்.

இப்ப அவருக்கு அமைச்சு இல்ல, கார் இல்ல, கேக்குற எடத்துல உக்காந்திருக்கார். வயசு முப்பத சுத்தி. என்ன கேட்டா இதுதான் அவரோட நெசமான அரசியல் ஆரம்பம். அப்பாவுக்கு 2015ல அதிகாரம் போனப்ப அவர் திரும்பி வர காத்திருந்தார், அவ்வளவுதான். இவர் காத்திருக்காம ஒவ்வொரு டிவிஷனா போயி கிலோ கணக்க, காணி உறுதிய, பேரு பதியாத கைக்காசு தொழிலாளிய கையில எடுத்தா அந்த 46,438 அவரோட சொந்த ஓட்டா மாறும். கட்சிக்குள்ள சொந்தக்காரர் செந்தில் தொண்டமான் தலைவர், இவர் பொதுச் செயலாளர், ரெண்டு பெரிய பொறுப்பும் ஒரே குடும்பத்துல. கீழ இருந்து வந்த ஒரு தோட்ட தலைவர் மகளுக்கோ மகனுக்கோ அதுல ஒன்ன குடுத்தா நான் இன்னும் சந்தோஷப்படுவேன்.

சட்டப்புத்தகம் எழுதியது:

மேமலை கடைசியா சொன்னதுல நானும் நிக்கிறேன். பொதுச் செயலாளர் பதவிய தேர்தல் வச்சு, சந்தா கட்டுற ஒவ்வொருத்தரும் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கட்டும். ஜீவன் நின்னு அதுல ஜெயிச்சா அதுக்கப்புறம் வாரிசுன்னு யாரும் வாய தெறக்க முடியாது.

கொழுந்துக்கூடை எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம், காணி உறுதி பத்தி. டித்வா புயலுக்கு பிறகு எங்க பக்கத்து லயத்துல இருக்குறவங்கள மண்சரிவு அபாயம்னு பள்ளிக்கூடத்துல தங்க வச்சாங்க. நட்டஈடு பேப்பர்ல வீட்டு உரிமையாளர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. எங்க சனம் அதுல என்ன எழுதுறது? லயம் கம்பெனிது, காணி அரசாங்கத்துது. யாராவது நிரப்பினவங்க இருந்தா சொல்லுங்க.

பழைய பெரட்டு எழுதியது:

கிராம சேவகர்கிட்ட குடியிருப்பு உறுதிப்படுத்தல் கடிதம் வாங்கு மக. தோட்ட ஆபிஸ்ல செக்ரோல், அதான் தொழிலாளி பேரு பதிவு ஏடு, பிரதியும் கேளு, தாத்தா காலத்துல இருந்து அந்த காம்பரால இருக்கீங்கன்னு அதுல தெரியும். ரெண்டையும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் குடுக்கணும். உரிமையாளர்ங்குற கட்டத்த காலியா விடாதீங்க, குடியிருப்பவர்னு எழுதி பேர எழுதுங்க.

வைகைக்கரை எழுதியது:

நிறைய தெரிஞ்சுக்கிட்டேன், எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சின்ன கேள்வி, பேர்ச்னா எங்க கணக்குல எவ்வளவு?

மேமலை எழுதியது:

ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச், ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச் உங்க கணக்குல நாலரை சென்ட்டுக்கு கொஞ்சம் கம்மி. லயத்து காம்பரா பத்துக்கு பன்னெண்டு அடி, அதுல ஆறேழு பேரு இருந்த குடும்பத்துக்கு ஏழு பேர்ச் பெருசுதான். ஆனா டித்வாவுக்கு பிறகு எந்த மலைல எந்த ஏழு பேர்ச்சுங்குறது முக்கியம், சரிவுல குடுத்த காணிய வாங்கி என்ன பண்றது. கொழுந்துக்கூடை தங்கச்சி கேட்ட அந்த கட்டத்த பத்தி நுவரெலியா எம்.பிமார்ல மூணு பேருக்கு, ஜீவன், திகாம்பரம், கலைச்செல்வி, ஒரே கடிதமா எழுதி அனுப்புவோம். நாளைக்கு ராத்திரிக்குள்ள வாசகத்த இங்க போடுறேன், திருத்தம் இருந்தா சொல்லுங்க, அவங்கவங்க தோட்டம், டிவிஷன் பேரோட கையெழுத்து வைக்க ஆளு சேருங்க.